கொம்பியூட்டரில் குத்திய போனுக்குச் சார்ஜ் விறுவிறு என்று ஏற வேண்டுமா?

மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "மனே, இந்தப் போனக் கொஞ்சம் சார்ஜில போட்டு விடேன்" என்பதுதான். கடையில் உள்ள பிளக் பொயின்ட்கள் எல்லாம் மெஷின்களுக்கே போதாது. ஆகவே கொம்பியூட்டரிலேயே குத்தி விடுவேன்.

போன மாரியில் கொக்கட்டிச்சோலையில் இருந்து மண்முனைத்துறைப் பாலம் தாண்டி ஒரு பெரியம்மா வந்தார். விண்ணப்பத்தை முடிக்க அவருடைய போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வர வேண்டும். போனில் இருந்தது 6 வீதம். கொம்பியூட்டரின் முன்பக்க ஓட்டையில், மேசையில் கிடந்த ஏதோ ஒரு வயரால் குத்தினேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 15 வீதம். "என்ன மனே, உன்ட கொம்பியூட்டருக்கும் பசியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரமே ஒரு யூ.எஸ்.பி மீட்டர் வாங்கினேன். வயருக்கும் ஓட்டைக்கும் இடையில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று காட்டும், கட்டைவிரல் அளவுச் சாமான். அதை வைத்துப் பார்த்துத் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், கந்தோரில் சார்ஜர் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் உதவும்.

கொஞ்சம் கணக்கு

சாதாரண தரத்தில் படித்ததுதான். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வலு. அதை வாற்றில் சொல்வார்கள், பல்ப் பெட்டியில் போட்டிருக்குமே, அதே வாற்று.

கொம்பியூட்டரின் பழைய சதுர யூ.எஸ்.பி ஓட்டை தருவது 5 வோல்ட். யூ.எஸ்.பி 2.0 விதிப்படி, செருகியவுடன் ஒரு சாமான் 100 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. "நான் இன்னார், எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கொம்பியூட்டரிடம் சொல்லி, அது சரி என்ற பிறகுதான் 500 மில்லி அம்பியர் வரை எடுக்கலாம். ஆக மொத்தம் இரண்டரை வாற்று. யூ.எஸ்.பி 3.0 ஓட்டையில் அது 900 மில்லி அம்பியர், நாலரை வாற்று. யூ.எஸ்.பி வந்தது 1996இல். கீபோர்டும் மவுசும் செருகத்தானே வந்தது? அவைக்கு இது தாராளம்.

இப்போது போனைப் பாருங்கள். 5000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய பற்றரிக்குள் ஏறக்குறைய 19 வாற்று மணி இருக்கிறது. சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 22 வாற்று மணி அளவு உள்ளே தள்ள வேண்டும். இரண்டரை வாற்று ஓட்டையில் ஒன்பது மணித்தியாலம். நாலரை வாற்றில் ஐந்து. ஏழரை வாற்றில் மூன்று. 15 வாற்றில் ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கு சொல்லும், ஆனால் கடைசி இருபது வீதத்தைப் போன் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றும் என்பதால் இரண்டு என்று வையுங்கள்.

இதில் ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். "சார்ஜ் வேகத்தைக் கூட்டும்" என்று விளம்பரம் போடுகிற போன் செயலிகளை நம்ப வேண்டாம். குழாயில் வராத தண்ணீரை வாளி கூட்டித் தராது. அவை பின்னால் ஓடுகிற செயலிகளை மூடுகின்றன, தங்கள் விளம்பரத்தைத் திறக்கின்றன, அவ்வளவுதான். ஓட்டை, வயர், போன், கொம்பியூட்டர் அமைப்பு என்று நாலு இடத்தில்தான் நமக்கு வேலை.

முதலில் ஓட்டையைப் பாருங்கள்

லெப்டொப்பைத் திருப்பி இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள். சதுர ஓட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கறுப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் யூ.எஸ்.பி 2.0. நீலம் என்றால் 3.0. மஞ்சள், சிவப்பு என்றால் கொம்பியூட்டர் உறங்கும்போதும் சார்ஜ் தருகிற ஓட்டையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் நிறம் சட்டம் இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பத்துக்குப் பூசுகிறது. நிறத்தை விடப் பக்கத்தில் பொறித்திருக்கும் குறியை நம்பலாம். சின்ன மின்னல் அல்லது பற்றரிப் படம் இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய ஓட்டை.

அந்தக் குறி உள்ள ஓட்டைகள் பலவற்றில் ஒரு விசேஷம் இருக்கிறது. 2010இல் வந்த பற்றரி சார்ஜிங் 1.2 என்ற விதி, கொம்பியூட்டர் ஓட்டையும் ஒன்றரை அம்பியர் வரை கொடுக்கலாம் என்று இடம் விட்டது. ஓட்டை தன்னுடைய தகவல் கம்பிகள் இரண்டிலும் ஒரு சைகை காட்டும். போன் அதைப் புரிந்து கொண்டு, "ஓ, இவன் கொஞ்சம் வசதியானவன்" என்று கூட இழுக்கும். அப்போது ஏழரை வாற்று. போட்டோ மாற்றுகிற வேலையும் கூடவே நடக்கும்.

அடுத்து டைப்-சி, அந்த ஓவல் வடிவச் சின்ன ஓட்டை. உங்கள் லெப்டொப்பில் இது இருந்தால் முதலில் இதையே முயன்று பாருங்கள். இதில் ஓட்டை தானாகவே "என்னிடம் ஒன்றரை அம்பியர் இருக்கிறது" அல்லது "மூன்று அம்பியர் இருக்கிறது" என்று அறிவிக்க முடியும். மூன்று என்றால் 15 வாற்று. தண்டர்போல்ட் குறி, அதாவது நுனியில் அம்பு வைத்த மின்னல், இருந்தால் 15 வாற்றை எதிர்பார்க்கலாம். விலை குறைந்த லெப்டொப்களில் டைப்-சி வடிவம் மட்டும் இருக்கும், தருவது பழைய 900 மில்லி அம்பியர்தான்.

ஒரு குழப்பம். டைப்-சி ஓட்டைக்குப் பக்கத்தில் பி.டி (பவர் டெலிவரி) என்றோ, லெப்டொப் பெட்டியில் 65 வாற்று, 100 வாற்று என்றோ போட்டிருந்தால், அது அந்த ஓட்டையால் லெப்டொப் வாங்கிக் கொள்ளக் கூடிய அளவு. உங்கள் போனுக்குக் கொடுக்கிற அளவு அல்ல. கல்முனையில் இருந்து வந்த ஒரு தம்பி இதை வைத்து என்னோடு அரை மணித்தியாலம் வாதாடினார். மீட்டரைச் செருகிக் காட்டிய பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

மேசைக் கொம்பியூட்டர் என்றால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். பின்பக்க ஓட்டைகள் மதர்போர்ட்டிலேயே ஒட்டியவை. முன்பக்கத்தவை பெட்டிக்குள் ஒரு மெல்லிய வயரால் நீண்டு வருகின்றன. அந்த வயர் மட்டமானதாக இருந்தால் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். நான் பெரியம்மாவுக்குச் செய்த முதல் பிழை இதுதான். கீபோர்டில் உள்ள ஓட்டை, தனியாகக் கரண்ட் இல்லாத நாலு ஓட்டை ஹப் ஆகிய இரண்டும் இன்னும் மோசம். ஹப்புக்கு வருகிற 500 மில்லி அம்பியரை அதில் செருகிய எல்லாம் பங்கு போடுகின்றன.

வயர்தான் பாதிக் கள்வன்

இதில் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். கடையில் அவரவர் மறந்து விட்டுப் போன வயர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் கொட்டி, ஒரே லெப்டொப், ஒரே மின்னல் குறி ஓட்டை, ஒரே போன், நடுவில் மீட்டர், என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடித்த, முழங்கை நீளமே உள்ள ஒரு வயரில் மீட்டர் 1.4 அம்பியர் காட்டியது. ஒரு புதிய போனோடு வந்த வயரில் 1.3. பஸ் ஸ்டாண்டில் விற்கும் மெல்லிய, இரண்டு மீற்றர் வெள்ளை வயரில் 0.6. அன்று பெரியம்மாவுக்குப் போட்ட வயரைத் தேடி எடுத்துச் செருகினேன். 0.28. அதை வளைத்தால் 0.1, நேராக்கினால் மறுபடி 0.28. ஓட்டை ஒன்று, போன் ஒன்று, வயர் மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம்!

காரணம் எளிது. கம்பி மெலிந்தால் தடை கூடும், நீண்டால் இன்னும் கூடும். வயரில் நுணுக்கமாக 28, 24 என்று எண்கள் அச்சடித்திருப்பார்கள். எண் சிறிதானால் கம்பி தடிப்பு. 28ஆம் இலக்கக் கம்பி ஒரு மீற்றரில் போக வர 0.4 ஓம் அளவு தடை தரும். ஒரு அம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் அந்த வயரிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது போனுக்கு 4.6ஆகச் சேரும். வோல்ட் விழுவதைக் கண்டால் போனே தன் இழுப்பைக் குறைத்துக் கொள்ளும். 24ஆம் இலக்கக் கம்பியில் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு.

ஆகவே கொம்பியூட்டரில் போட என்று தனியாக ஒரு வயர் வையுங்கள். அரை மீற்றரோ ஒரு மீற்றரோ போதும், கையில் பிடித்தால் கொஞ்சம் பாரமாக இருக்க வேண்டும். லெப்டொப்பிலும் போனிலும் டைப்-சி இருந்தால் இரண்டு தலையும் டைப்-சியான வயர் எடுங்கள். நல்ல டைப்-சி வயர் எதுவும் மூன்று அம்பியர் தாங்கும். ஐந்து அம்பியர் வயர் என்று கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை, கொம்பியூட்டர் அவ்வளவு தரப் போவதில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஒரு தலை சதுரம், மறு தலை டைப்-சி என்ற வயர்களில், டைப்-சி தலைக்குள் ஒரு சின்ன தடையி இருக்கும். அது 56 கிலோ ஓமாக இருக்க வேண்டும் என்பது விதி. மட்டமான வயர்களில் 10 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். அது போனிடம் "மூன்று அம்பியர் இருக்கிறது, எடு" என்று பொய் சொல்லும். பின்னால் இருப்பதோ பாவம், 500 மில்லி அம்பியர் ஓட்டை. 2015இல் பென்சன் லியூங் என்ற கூகிள் பொறியியலாளர் இப்படிப்பட்ட வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து இணையத்தில் எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம், கம்பி மாறி ஒட்டியிருந்த ஒரு வயர் அவருடைய லெப்டொப்பையே பழுதாக்கிவிட்டது. பெயர் தெரியாத வயரைப் புது லெப்டொப்பில் செருகும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

"சார்ஜ் மட்டும்" என்று விற்கிற வயரைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் தகவல் கம்பிகள் கொம்பியூட்டர் வரை போகாது. பலவற்றில் போன் பக்கத்திலேயே இரண்டையும் ஒன்றாக முடிந்திருப்பார்கள். சுவர்ச் சார்ஜர் காட்டுகிற அடையாளமும் அதுதான். எனவே போன் "சுவரில் இருக்கிறேன்" என்று எண்ணிக் கேட்காமலே ஒரு அம்பியர், ஒன்றரை அம்பியர் என்று இழுக்கும். வேலை செய்யும். மேசைக் கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் அவசரத்துக்கு நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது கடன் வாங்கிச் செலவழிக்கிற மாதிரி. ஓட்டை தாங்காவிட்டால் தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும், விண்டோஸ் "பவர் சர்ஜ்", அதாவது அளவுக்கு மீறி மின் இழுபடுகிறது, என்று ஒரு அறிவிப்புக் காட்டும். அதைக் கண்டால் வயரைக் கழற்றி விடுங்கள், திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். பழைய லெப்டொப்பில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

போன் பக்கம்

முதலில் போனின் சார்ஜ் ஓட்டையைப் பாருங்கள். நம்முடைய ஊரில் மணலும் கடற்காற்றும் இருக்கிறது அல்லவா? கல்லடிக் கடற்கரைக்குப் போய் வந்த சட்டைப் பையில் கிடந்த போனின் ஓட்டைக்குள் மணலும் பஞ்சும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். வயர் கடைசி வரை போகாமல் ஆடிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். போனை அணைத்துவிட்டு, காய்ந்த ஈர்க்குத் துண்டு ஒன்றை மெல்லியதாகச் சீவி, மெதுவாகக் கிண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி கூடாது. உள்ளே இருக்கும் நாக்கில் கீறல் விழுந்தால் போன் கடைக்காரர்தான் சிரிப்பார்.

செருகியதும் போனில் மேலிருந்து அறிவிப்பை இழுத்துப் பாருங்கள். அண்ட்ரொய்ட் போனில் யூ.எஸ்.பி எதற்கு என்று கேட்கும். "சார்ஜ் மட்டும்" அல்லது "தகவல் பரிமாற்றம் இல்லை" என்பதைத் தெரிவு செய்யுங்கள். இதைச் செய்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை, ஓட்டை தருகிற அளவு அப்படியேதான் இருக்கும். போன் கொம்பியூட்டரோடு பேசிக்கொண்டு விழித்திருக்காது, அந்தச் சின்ன மிச்சம்தான் இலாபம்.

இரண்டு தலையும் டைப்-சியான வயரில் வேறொரு கூத்து நடக்கும். சில வேளை போன் தான் கொடுக்கிறவன் என்று எண்ணி, "இணைத்த சாதனத்துக்குச் சார்ஜ் தருகிறேன்" என்று காட்டும். அதே அறிவிப்பைத் தட்டி, இந்தப் போனுக்கு என்று மாற்றி விடுங்கள்.

மிச்சம் எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் கொம்பியூட்டர் சார்ஜில் இதற்குப் பெறுமதி அதிகம். திரை எரிந்தால் ஒரு வாற்று அளவு அதற்கே போகும். உங்களுக்கு வருவதே இரண்டரை வாற்று. திரையை அணைத்து, ஹொட்ஸ்பொட்டை நிறுத்தி, அவசர அழைப்பு எதிர்பார்க்காவிட்டால் விமானப் பயன்முறையில் போடுங்கள். நான் பெரியம்மாவின் போனை அப்படிப் போட முடியாது, இரகசிய இலக்கம் வர வேண்டுமே.

சூடும் ஒரு காரணம். பற்றரி 45 பாகையைத் தாண்டினால் போன் சார்ஜைக் குறைக்கும், சில வேளை நிறுத்தியே விடும். தகரக் கூரைக்குக் கீழே, லெப்டொப் சூட்டை ஊதுகிற பக்கத்தில் போனை வைத்துவிட்டு "ஏறுதில்லை" என்றால் எப்படி? மறுபக்கம், மேசை விளிம்பில், கவரைக் கழற்றி வையுங்கள்.

பெட்டியில் 33 வாற்று, 67 வாற்று என்று போட்ட போன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வேகம் அந்தக் கம்பனியின் சார்ஜரோடு மட்டும். வூக், குவிக் சார்ஜ் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பாஷை. குவிக் சார்ஜ், சாம்சங்கின் பழைய வேகச் சார்ஜ் எல்லாம் 9 வோல்ட் கேட்கும். கொம்பியூட்டரின் சதுர ஓட்டையில் 5 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. பூட்டுத் திரையில் "மெதுவாகச் சார்ஜாகிறது" என்று வந்தால் போன் பழுதில்லை, உண்மையைச் சொல்கிறது.

கொம்பியூட்டருக்குள் மாற்ற வேண்டியவை

கொம்பியூட்டர் உறங்கப் போனால் சாதாரண ஓட்டையில் வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2.0 விதிப்படி உறக்கத்தில் ஒரு சாமான் எடுக்கலாம் என்பது 2.5 மில்லி அம்பியர். இரவு போனைச் செருகிவிட்டுப் படுத்து, விடிய எழும்பிப் பார்த்தால் போட்ட இடத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். அதைச் சரிக்கட்ட இப்படிச் செய்யுங்கள்.

1. லெப்டொப்பை அதன் சார்ஜரில் போடுங்கள். பற்றரியில் மட்டும் இருக்கும்போது பல லெப்டொப்கள் ஓட்டைகளுக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும்.

2. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறவுங்கள். கடைசிப் பக்கத்தில் உள்ள யூ.எஸ்.பி பட்டியலை விரித்து, ரூட் ஹப் என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாக இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில், மின் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அர்த்தத்தில் ஒரு பெட்டி இருக்கும். அந்த டிக்கை எடுத்து விடுங்கள். சில புது லெப்டொப்களில் அந்தப் பக்கமே இருக்காது, இல்லாவிட்டால் விடுங்கள்.

3. மூடியை மூடினாலும் ஓட்டையில் கரண்ட் வர வேண்டுமென்றால் பயோஸுக்கு, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வருகிற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்கு, போக வேண்டும். கொம்பியூட்டரைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலிட், சிலதில் எஃப்10 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல்லில் யூ.எஸ்.பி பவர்ஷெயார் என்றும், லெனோவோவில் ஆல்வேஸ் ஒன் யூ.எஸ்.பி என்றும் இருக்கும். அதை எனேபிள் ஆக்குங்கள். பற்றரியில் இருக்கும்போதும் சார்ஜ் தரவா என்று பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தால் அதையும் ஆம் ஆக்குங்கள். மேசைக் கொம்பியூட்டர்களில் ஈ.ஆர்.பி என்று ஒன்று இருக்கும். அது எனேபிள் ஆக இருந்தால் கொம்பியூட்டரை அணைத்த பின் ஓட்டைகளில் கரண்ட் நிற்கும், ஆகவே டிஸேபிள். வேறெதையும் தொடாமல் சேமித்து வெளியே வாருங்கள். பயோஸ் பயந்தவர்களுக்கு உகந்த இடம் இல்லை, ஆனால் கடிக்காது.

பழைய மதர்போர்ட்களுக்கு அசுஸ் ஏ.ஐ சார்ஜர், ஜிகாபைட் ஒன்/ஓஃப் சார்ஜ் என்று மென்பொருள்கள் வந்தன. அந்த மதர்போர்ட்டே உங்களிடம் இருந்தால் பிரயோசனம். வேறு கம்பனிக் கொம்பியூட்டரில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, ஓட்டைக்குப் பின்னால் உள்ள சர்க்கிட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

கரண்ட் போன நாளில்

2022 பங்குனி (மார்ச்) கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் யாருக்கு மறக்கும்? 2025 மாசி (பெப்ரவரி) 9ஆம் திகதி, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாலே நாடு முழுக்க இருண்டது. இவை எல்லாம் இல்லாவிட்டாலும் கார்த்திகை மார்கழியில் காற்றும் மழையும் வந்தால் இங்கே கம்பியில் மரம் விழுவது வழமை. அந்த நேரம் லெப்டொப்தான் வீட்டில் இருக்கிற பெரிய பவர் பாங்க்.

சாதாரண லெப்டொப் பற்றரியில் 40, 45 வாற்று மணி இருக்கும். லெப்டொப்பைத் திறந்து வைத்து, திரையை எரியவிட்டுப் போனுக்குச் சார்ஜ் போட்டால், லெப்டொப்பே எட்டுப் பத்து வாற்றுத் தின்று, போனுக்கு இரண்டரையைக் கொடுக்கும். மூன்று நாலு மணித்தியாலத்தில் லெப்டொப் படுத்துவிடும், போன் பாதியும் நிரம்பியிருக்காது. அதே லெப்டொப்பை உறங்க விட்டு, மேலே சொன்ன மின்னல் ஓட்டையில் செருகினால் ஒரு போனை முழுதாக நிரப்பி இன்னொன்றுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். ஆகவே கரண்ட் போகும் முன்னமே பயோஸ் வேலையை முடித்து வையுங்கள். மழை இருட்டுக்கட்டிய பிறகு லெப்டொப்பை நிரப்பி வைப்பது நம்முடைய பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வைப்பது மாதிரி.

மேசைக் கொம்பியூட்டரை யூ.பி.எஸ்ஸில் ஓட விட்டு அதில் போனைச் செருகுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். நூறு வாற்றுக் கொம்பியூட்டர் ஓடுவது இரண்டரை வாற்றுக்காகவா? பத்து நிமிடத்தில் யூ.பி.எஸ் கத்தத் தொடங்கும். கொம்பியூட்டரை அணைத்துவிட்டு, போனின் சுவர்ச் சார்ஜரையே யூ.பி.எஸ்ஸின் பின்னால் செருகுங்கள்.

பிறருடைய கொம்பியூட்டர் என்றால்

கந்தோர், கம்பஸ் லாப், என்னுடைய கடை, எங்கேயாக இருந்தாலும் சரி, போன் "இந்தக் கொம்பியூட்டரை நம்பவா?" என்று கேட்டால் இல்லை என்று தட்டுங்கள். சார்ஜ் அப்படியும் ஏறும். ஐபோன் கேட்கும்போதும் இதே பதில்தான். ஆம் என்று தட்டினால் உங்கள் போட்டோக்களைப் பார்க்க வழி திறந்துவிடும். கடைக்காரனே இதைச் சொல்கிறான் என்று சிரிக்க வேண்டாம். என் கொம்பியூட்டரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்குகிறது. அதில் யார் என்ன கொண்டு வந்தார்கள் என்று எனக்கே தெரியாது.

மீட்டர் இல்லாதவர்கள் ஆம்பியர் என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பார்க்கலாம். அது காட்டுவது பற்றரிக்குள் போகிற அளவு, போன் தான் செலவழிப்பதைக் கழித்த பிறகு. ஆகவே மீட்டரை விடக் குறைவாகவே வரும். ஒரே போனில் இரண்டு வயரை ஒப்பிட அது போதும்.

பெரியம்மா இரண்டு கிழமைக்கு முன் மறுபடி வந்தார், கையில் ஒரு சட்டி தயிரோடு. போன் 9 வீதம். லெப்டொப்பின் மின்னல் ஓட்டையில் தடித்த வயரால் குத்தி, கவரைக் கழற்றி மேசை விளிம்பில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் 38. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டு, "இத எனக்குத் தாவன் மனே" என்றார். கடையில் அந்த ஒன்றுதான் இருந்தது. தயிரை எடுத்துக்கொண்டு வயரைக் கொடுத்தேன். இப்போது புதிதாக வாங்கியதை மேசைக் காலில் கட்டி வைத்திருக்கிறேன்.